தீப்பிடித்த இடத்தில் யார் பேச்சு எடுபடும்?

(பதில்: ஓய்வு பெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர்)

கேள்வி: எங்கள் தெரு ஜவுளிக்கடை எரிந்தபோது, கூடியிருந்த எல்லோரும் ‘மேல அடிங்க, மேல அடிங்க’ என்று கத்தினோம். வந்தவர்கள் காதிலேயே வாங்கவில்லை. ஷட்டரை உடைத்து உள்ளே போய்விட்டார்கள். இது யார் வகுத்த முறை? ஊருக்கென்று தீயணைப்புப் படை எப்படி வந்தது? – கரூர் வாசகர்

பதில்: உங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் கடை முழுசாகப் போயிருக்கும்! மேலே நீங்கள் பார்த்தது புகை. நெருப்பு கீழே துணிக்கட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். அதைத் தேடிப் போய் அடிக்காமல் சுவரை நனைத்து என்ன பயன்? வேலையில் இருந்த காலமெல்லாம் இந்த ‘மேல அடிங்க’வைக் கேட்டவன் நான். ஹோஸைக் கையிலிருந்து பிடுங்கவே வருவார்கள்.

இந்தத் தொல்லைக்கு நல்ல உதாரணம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ. அதற்கு முன் பிரிட்டனில் காப்பீட்டுக் கம்பெனிகள்தான் தங்களுக்கென்று தீயணைப்பு ஆட்களை வைத்திருந்தன. 1824இல் எடின்பரோ, நகரத்துக்கே பொதுவாக ஒரு படையை அமைத்தது. தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட். வயது 24தான், ஆனால் கட்டட வேலை படித்தவர். சுவர் எப்போது விழும், உத்தரம் எவ்வளவு தாங்கும் என்று தெரியும். ஆள் எடுத்ததும் அதே கணக்கில்தான்: கொத்தனார், தச்சர், ஓடு வேய்கிறவர், பிளம்பர். இருட்டிலும் கை பழக வேண்டும் என்று விடியற்காலை 4 மணிக்கு டிரில் வைத்தார். இதைப் படித்தபோது எங்கள் பயிற்சிக் காலத்து அதிகாலை விசில்தான் ஞாபகம் வந்தது.

படை அமைந்து சில வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் 15 இரவு, பழைய நகரத்தின் ஒரு சந்தில் செதுக்கு வேலைப் பட்டறை தீப்பிடித்தது. அந்தச் சந்துகள் ஆள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டிய அகலம். இருபுறமும் ஏழு, எட்டு மாடி வீடுகள். பம்பு கையால் அமுக்குவது. மறுநாள் டிரான் தேவாலயத்தின் மரக் கோபுரம் பற்றிக்கொண்டது. அதன்மேல் போர்த்தியிருந்த ஈயம் உருகிக் கொட்ட, கீழே நின்றவர்கள் பின்வாங்க வேண்டியதாயிற்று. தீ அடங்கப் பல நாள் ஆனது. 13 பேர் இறந்தார்கள், அதில் இருவர் படைவீரர்கள். சுமார் 400 வீடுகள் போயின.

பழி யார்மேல்? எடுத்த எடுப்பில் புதுப் படைமேல்தான். விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நீதிபதிகள், நகரத்துப் பெரிய மனிதர்கள் என்று ஆளாளுக்கு வந்து நின்று, ஒருவர் சொன்னதற்கு மாறாக இன்னொருவர் உத்தரவு போட்டிருக்கிறார்கள். பிரெய்ட்வுட் யாருக்குத் தலையாட்டுவார்? அதன்பிறகு, தீப்பிடித்த இடத்தில் படைத்தலைவர் சொல்வதே முடிவு, மேயராகவே இருந்தாலும் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அந்தப் படை செய்த பெரிய காரியம் இதுதான் என்பேன். புது பம்பு யாரும் வாங்கலாம்.

கேள்வி: புகை சூழ்ந்த அறையில் மாட்டிக்கொண்டால் ஈரத்துணி போதுமா? – திண்டுக்கல் வாசகி

பதில்: போதாது. விஷ வாயு துணிக்கு நிற்காது. உடனே குனிந்து, தரையோடு தவழ்ந்து வெளியேறுங்கள். சூடான புகை மேலே போகும்; தரையை ஒட்டி மூச்சுவிடக் கொஞ்சம் காற்று மிஞ்சும். பிரெய்ட்வுட் 1830இல் எழுதிய கையேட்டிலேயே இது இருக்கிறது. வெளியே வந்ததும் 101. பீரோ சாவியைத் தேடி மறுபடி உள்ளே போகாதீர்கள்.

கேள்வி: பிரெய்ட்வுட் பற்றி முன்பு ஒரு பதிலில் சொன்னீர்கள். அவர் கடைசிவரை எடின்பரோவில்தான் இருந்தாரா? – ஈரோடு வாசகர்

பதில்: இல்லை. 1833இல் லண்டன் அழைத்துக்கொண்டது. அங்கே படையை நடத்தியது அப்போதும் காப்பீட்டுக் கம்பெனிகள்தான். 1861 ஜூன் 22, டூலி தெருவில் ஆற்றோரக் கிடங்குகள் எரிந்தன. சணல், பருத்தி, கொழுப்பு, சர்க்கரை என்று உள்ளே இருந்ததெல்லாம் எரியும் சரக்கு. தம் ஆட்களைக் கவனித்துக்கொண்டிருந்தபோது சுவர் இடிந்து அவர்மேலேயே விழுந்தது. நஷ்டம் தாங்காமல் கம்பெனிகள் இனி எங்களால் ஆகாது என்றுவிட்டன. சட்டம் 1865இல் வந்தது, லண்டனுக்குப் பொதுப் படை அமைந்தது 1866இல். எடின்பரோவுக்கு 42 வருஷம் பின்னால்.