பணி ஓய்வோடு நின்றுபோகும் கம்பெனி மெடிக்ளைம்: 11 வருடக் கணக்கைக் கையோடு எடுத்துச் செல்வது எப்படி?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இன்னும் மூன்று மாதத்தில், 58 வயதில் ஓய்வு. நான், மனைவி (55), அம்மா (79) மூவரும் 11 வருடமாகக் கம்பெனியின் ₹5 லட்சம் மெடிக்ளைமில் இருக்கிறோம். எனக்குச் சர்க்கரை, மனைவிக்கு பி.பி.யும் மூட்டுத் தேய்மானமும் உண்டு. சொந்தமாக பாலிசி எதுவும் எடுத்ததில்லை. இனி என்ன செய்வது?

பதில்: உங்கள் கையில் மூன்று மாதம் இருப்பது பெரிய விஷயம். பலர் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் இதை யோசிக்கிறார்கள். அதற்குள் கம்பெனி பாலிசியிலிருந்து பெயர் நீங்கிவிடுகிறது. 11 வருடமாகச் சேர்ந்த தொடர்ச்சியும் அதோடு போய்விடுகிறது.

முதலில் ஹெச்.ஆர். பிரிவில் ஒன்றைக் கேளுங்கள்: கவரேஜ் எந்தத் தேதியில் முடிகிறது? பெரும்பாலான நிறுவனங்களில் கடைசி வேலை நாளோடு சரி. சில இடங்களில் அந்த பாலிசி ஆண்டு முடியும் வரை ஓடும். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தத் தேதிக்குக் குறைந்தது 30 நாள் முன்பாக, உங்கள் குரூப் பாலிசி எந்தக் காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறதோ அதே நிறுவனத்திடம், தனிநபர் அல்லது ஃபேமிலி ஃப்ளோட்டர் (ஒரே காப்பீட்டுத் தொகையைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும்) பாலிசிக்கு ‘மைக்ரேஷன்’, அதாவது பழைய தொடர்ச்சியோடு மாறுவதற்கு, விண்ணப்பியுங்கள். குரூப்பிலிருந்து வெளியேறுகிறவருக்கும் அதில் உள்ள குடும்பத்தாருக்கும் இந்த வாய்ப்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதிகள் தருகின்றன. வேறு நிறுவனம்தான் பிடித்திருக்கிறது என்றால், ஒரு வருடம் இங்கே இருந்துவிட்டு, புதுப்பிக்கும் தேதிக்கு 60 முதல் 45 நாள் முன்பாக போர்ட் செய்துகொள்ளலாம்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? குரூப் பாலிசிகளில் பொதுவாக ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே கிளைம் கிடைக்கும். புதிதாக எடுக்கும் பாலிசி அப்படியல்ல. விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் கிளைம் கிடையாது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 2 வருடம் காத்திருக்க வேண்டும். சர்க்கரை, பி.பி. போல முன்பே உள்ள நோய்களுக்கு 3 வருடம் வரை (2024 ஏப்ரலுக்கு முன் இது 4 வருடமாக இருந்தது). மைக்ரேஷனில் போனால், குரூப்பில் இருந்த வருடங்கள் இந்தக் காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்படும். ஆனால் பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்கு மட்டும்தான். ₹5 லட்சத்தை ₹10 லட்சமாக உயர்த்தினால், கூடுதல் ₹5 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

இந்தக் கழிவு தானாக வராது, நீங்கள் நிரூபிக்க வேண்டும். 11 வருடத்தில் கம்பெனி இன்ஷூரன்ஸ் நிறுவனத்தை மாற்றியிருக்கலாம். அதனால் ஒவ்வொரு வருடத்தின் இ-கார்டு அல்லது உறுப்பினர் சான்று, டி.பி.ஏ.விடமிருந்து (காப்பீட்டு நிறுவனத்துக்காக கிளைம்களைக் கையாளும் இடைநிலை நிறுவனம்) கிளைம் விவரம், ‘இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை, இவ்வளவு தொகைக்கு, இந்த மூவரும் இடைவெளியின்றிக் காப்பீட்டில் இருந்தனர்’ என்ற ஹெச்.ஆர். கடிதம் ஆகியவற்றைச் சேகரியுங்கள். ஓய்வு பெற்ற பிறகு கம்பெனி மின்னஞ்சலைத் திறக்க முடியாது; இப்போதே தரவிறக்கி வையுங்கள்.

நிறுவனம் மருத்துவப் பரிசோதனை கேட்கலாம், பிரீமியத்தைக் கூட்டலாம், மறுக்கவும் செய்யலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இந்தச் சாத்தியம் இருப்பதால்தான் கடைசி மாதம்வரை காத்திருக்கக் கூடாது என்கிறோம். புதிய பாலிசி கைக்கு வந்ததும், காத்திருப்புக் காலம் கழிக்கப்பட்டது அதில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 30 நாள் ‘ஃப்ரீ லுக்’ காலத்துக்குள் (பாலிசியைப் படித்துப் பார்த்து, வேண்டாமென்றால் திருப்பித் தரும் காலம்) திருத்தச் சொல்லுங்கள். ஏஜென்ட் வாய்மொழியாகச் சொன்னது கிளைம் நேரத்தில் உதவாது.

அடுத்தது, எந்த பாலிசி என்பது. பிரீமியம் குறைவு என்று பார்த்து எடுக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது ரூம் வாடகை வரம்பிலும் கோ-பேயிலும்தான் (கோ-பே என்பது ஒவ்வொரு கிளைமிலும் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு). ஓர் உதாரணம்: ₹5 லட்சம் பாலிசி, ரூம் வாடகை வரம்பு 1 சதவிகிதம், அதாவது நாளுக்கு ₹5,000. நீங்கள் ₹10,000 ரூமில் நான்கு நாள் தங்குகிறீர்கள். மொத்த பில் ₹3 லட்சம். இதில் ரூம் ₹40,000. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் போன்றவை ₹1,60,000. மருந்து, பரிசோதனைகள், உடலில் பொருத்தும் சாதனங்கள் ₹1 லட்சம். ரூம் வரம்பைப்போல் இரு மடங்கு என்பதால் ரூமுக்குப் பாதி. கூடவே டாக்டர் ஃபீஸ் வகையறாவுக்கும் பாதிதான் கிடைக்கும். கடைசி ₹1 லட்சத்தில் இந்த வெட்டு விழாது. ஆக ₹20,000 + ₹80,000 + ₹1,00,000 = ₹2 லட்சம். 20 சதவிகித கோ-பேயும் இருந்தால் ₹1,60,000. மீதி ₹1,40,000 உங்கள் சேமிப்பிலிருந்து போகும். பிரீமியம் கூடினாலும் ரூம் வரம்பும் கோ-பேயும் இல்லாத பாலிசியையே எடுங்கள் என்பது எங்கள் கருத்து. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், ஃப்ளோட்டர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

₹5 லட்சம் போதாது என்று தோன்றினால் அதற்கு மேல் ஆகும் செலவை ஏற்கும் கூடுதல் பாலிசியான சூப்பர் டாப்-அப் சேருங்கள். வெறும் டாப்-அப் வேண்டாம். ஒரே வருடத்தில் இரண்டு முறை தலா ₹4 லட்சம் செலவானால், ₹5 லட்சத்துக்கு மேல் தரும் டாப்-அப் ஒரு ரூபாயும் தராது. ஒவ்வொரு பில்லையும் அது தனித்தனியாகத்தான் பார்க்கும். சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டிப் பார்த்து ₹3 லட்சம் தரும். இதற்கும் காத்திருப்புக் காலம் உண்டு.

விண்ணப்பத்தில் சர்க்கரை, பி.பி., மாத்திரைப் பெயர், எத்தனை வருடமாக என்பது எல்லாவற்றையும் நீங்களே எழுதுங்கள். ஏஜென்ட் நிரப்பினால் கையெழுத்திடும் முன் படியுங்கள். நோயை மறைத்தது தெரிந்தால் கிளைமை நிராகரிப்பதோடு பாலிசியையே ரத்து செய்ய முடியும். தொடர்ந்து 60 மாதம் ஓடிய பாலிசியில், மோசடி நிரூபணமானால் ஒழிய, அந்தக் காரணத்தை எழுப்ப முடியாது.

மனைவிக்கு மூட்டு அறுவை சிகிச்சை தேவை என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தால், இந்த மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. ஓய்வு நாளுக்கு முன்பே டிஸ்சார்ஜ் ஆகும்படி தேதி குறியுங்கள். அதற்குப் பிறகு வரும் பிசியோதெரபி, மருந்து பில்களைக் குரூப் பாலிசி ஏற்குமா என்று டி.பி.ஏ.விடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவை உங்கள் ஃப்ளோட்டரில் சேர்க்காதீர்கள். ஃப்ளோட்டர் பிரீமியம் மூத்தவரின் வயதை வைத்துத்தான் கணக்கிடப்படும். 79 வயதுக்கான விலையை மூவரும் சுமக்க நேரும். அவருக்குத் தனியாக மைக்ரேஷன் கேளுங்கள். கோ-பே இருந்தாலும் பரவாயில்லை, இந்த வயதில் தொடர்ச்சிதான் முக்கியம். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை வருடத்துக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் உயர்த்துவதானால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யை முன்கூட்டியே கலந்துபேச வேண்டும் என்பது 2025 ஜனவரியிலிருந்து உள்ள விதி. அதோடு, 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமானம் பாராமல் வருடம் ₹5 லட்சம்வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபர் 29 முதல் உள்ளது. தனியார் பாலிசி இருந்தாலும் ஆதாரைக் கொண்டு விண்ணப்பிக்கலாம். நீங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனை அந்த அட்டையை ஏற்கிறதா என்பதை அங்கே உள்ள காப்பீட்டுப் பிரிவில் நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.