பதில்: கடற்கரை வரைவு வரைபடத்தில் எங்கள் குப்பத்தின் வலைக்களம் இல்லை, கருத்துக்கேட்புக்கு நேரில் வர முடியாது

தம்பி, முதல்ல பயப்படாதீங்க. உங்க வலைக்களம் விடுபட்ட அந்தக் கடற்கரை வரைபடம் இன்னும் வரைவுதான், இறுதியானது இல்லை. நேரில் போகாவிட்டாலும் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். அறிவிப்பில் இருக்கும் கடைசி தேதியை மட்டும் தவறவிடாதீங்க.

மனுவில் "எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கும்" என்று பொதுவாக எழுதினால் கட்டோடு கட்டாகப் போய்விடும். கிராமம், சர்வே எண், அங்கே என்ன நடக்கிறது என்று இடம் இடமாக எழுதுங்க: படகு ஏற்றுமிடம், வலை உலர்த்தும் களம், கருவாடு காயும் மணல், ஐஸ் பிளாண்ட். கடலோரத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே மீனவர்களின் பொதுச் சொத்துகளை வரைபடத்தில் காட்டச் சொல்கிறது. அந்த வரியை மனுவில் சேர்த்துவிடுங்க. சர்வே எண் தெரியாவிட்டால் விஏஓவிடம் புலப்படம் (சர்வே எண்ணோடு நில எல்லை காட்டும் வரைபடம்) கேளுங்க. தேதி தெரியும் நாலு போட்டோவும் இணையுங்க.

இன்னொன்றையும் பாருங்க: வரைபடத்தில் உங்க ஊரை எந்த மண்டல வகையில் போட்டிருக்கு? ஊரகப் பகுதியில், 2011 கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லை) 50 மீட்டர் வரைதான் கட்டடத் தடை. குறைந்தால் 200 மீட்டர். வீடு கட்டக் கேட்கிறவங்களுக்கும் காலி மணல் காக்கணும்னு நினைக்கிறவங்களுக்கும் இதில் ஒத்துப்போகாது. ஊரில் முதலில் பேசி முடிச்சிடுங்க.

மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்புங்க. ஒரு நகலைக் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து, தேதியோடு சீல் வாங்குங்க. கூட்டத்துக்குப் போகும் யாராவது அதை வாசித்து, கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லட்டும். கிராம சபைத் தீர்மானமும் கிடைத்தால் இன்னும் நல்லது.