அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடலாமா? புதிதாகப் பழகுகிறவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தாராளமாகப் போடலாம். லினக்ஸ் என்பது விண்டோஸைப் போலவே கம்ப்யூட்டரை இயக்குகிற அடிப்படை மென்பொருள்தான். ஆனால் இன்றைக்கே போடாதீர்கள். ஒரு வாரம் பென்டிரைவிலேயே ஓட்டிப் பாருங்கள், உங்கள் வேலை அதில் நடக்கிறதா என்று தெரிந்த பிறகு ஹார்டு டிஸ்க்கில் கை வையுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கடையில் இரண்டு கம்ப்யூட்டரும் லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டில்தான் ஓடுகின்றன. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றதிலிருந்து உங்களைப் போலவே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து "இதை என்ன பண்றது" என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது கேட்கும், பள்ளிக்கூடத்தில் வாங்கிய லேப்டாப் பெரும்பாலும் அதற்குத் தேறாது. லினக்ஸுக்கு 4 ஜிபி ராம் இருந்தால் போதும்.

உண்மையில் உங்கள் லேப்டாப்புக்கு லினக்ஸ் புதிதே இல்லை. ஆன் பண்ணியதும் விண்டோஸா, பாஸா (BOSS) என்று ஒரு மெனு வருமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த பாஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை வைத்துச் செய்த லினக்ஸ்தான். உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லாததால் எங்கள் தெருவில் ஒரு பிள்ளைகூட அதற்குள் போய்ப் பார்க்கவில்லை, எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

எந்த லினக்ஸ் என்பதில் நாள் கணக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். 4 ஜிபி ராம் என்றால் மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான பதிப்பு, 8 ஜிபி என்றால் சினமன் என்ற பதிப்பு, அவ்வளவுதான். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. மின்ட்டை இறக்கும்போது கிடைக்கிற ஐஎஸ்ஓ ஃபைல் சுமார் 3 ஜிபி இருக்கும், 8 ஜிபி பென்டிரைவ் போதும். அந்த ஃபைலை அப்படியே காப்பி பண்ணினால் லேப்டாப் அதிலிருந்து பூட் ஆகாது, அதாவது கிளம்பாது, விண்டோஸில் ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளை வைத்து எழுத வேண்டும், எழுதும்போது பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அப்புறம் லேப்டாப்பை ஆன் பண்ணியதும் பூட் மெனுவுக்கான பட்டனைத் தட்டுங்கள். லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9.

போன மாதம் வியாசர்பாடியிலிருந்து ஒரு தங்கச்சி வந்தாள், பி.காம். படிக்கிறாள். பென்டிரைவிலிருந்து மின்ட் எழுந்து வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, சி டிரைவ் எங்கே?" எல்லாருக்கும் வருகிற சந்தேகம் இது. இங்கே சி, டி என்று பிரிவு கிடையாது, உன் ஃபைல் எல்லாம் ஹோம் என்ற ஒரே ஃபோல்டருக்குள் இருக்கும், அதைத் தாண்டி நீ எங்கேயும் போக வேண்டியதில்லை என்றேன். அடுத்து ஏதோ ஒரு தளத்திலிருந்து விண்டோஸுக்கான இஎக்ஸ்இ ஃபைலை இறக்கி டபுள் கிளிக் பண்ணிக்கொண்டிருந்தாள், திறக்கவில்லை. போனில் பிளே ஸ்டோர் மாதிரி இங்கே சாஃப்ட்வேர் மேனேஜர், வேண்டியதை அங்கேயே தேடிப் போட்டுக்கொள் என்று காட்டியதும், அரை மணி நேரத்தில் விஎல்சி, லிப்ரே ஆபீஸ், குரோமியம் எல்லாம் அவளாகவே தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அவளுக்குக் கல்லூரியில் டேலி என்ற கணக்கு மென்பொருள் வேண்டும், அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. அதனால் விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே மின்ட்டையும் போட்டுக் கொடுத்தேன், டேலிக்கு அது, மற்றதுக்கெல்லாம் இது.

அந்த ஒரு வாரத்தில் உங்கள் வேலையை ஒன்று விடாமல் செய்து பார்க்கச் சொல்வது இதற்குத்தான். வைஃபை பிடிக்கிறதா? பிடிக்கவில்லை என்றால் போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் ஆன் பண்ணுங்கள், நெட் வந்துவிடும், பிறகு வைஃபை மாதிரி பாகங்களுக்கு வேண்டிய மென்பொருளைத் தேடித்தரும் டிரைவர் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிரிண்டரைக் கட்டாயம் சோதியுங்கள். என் கடையில் இருந்த பழைய லேசர் பிரிண்டரை லினக்ஸில் ஓட்ட இரண்டு நாள் போராடினேன், கடைசிவரை சரியாக வரவில்லை, வேறு பிரிண்டர்தான் வாங்க வேண்டியதாயிற்று. தமிழ் டைப்பிங்குக்கு ஐபஸ்-எம்17என் என்ற பேக்கேஜைப் போட்டால் தமிழ்99 கீபோர்டும் வரும், ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கும் ஃபொனெடிக்கும் வரும். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்கள் இருந்தால் அந்த எழுத்துரு ஃபைலையும் கூடவே கொண்டுவந்து போடுங்கள், இல்லாவிட்டால் திறக்கும்போது கன்னாபின்னா என்று ஆங்கில எழுத்தாகத் தெரியும். ஒன்று மட்டும் கவனம், பென்டிரைவில் ஓடும்போது நீங்கள் போட்டதும் மாற்றியதும் ரீஸ்டார்ட் ஆனதும் போய்விடும், பயப்படாதீர்கள், அது அப்படித்தான்.

எல்லாம் சரியாக வந்தால் இன்ஸ்டால். அதற்கு முன்னால் உங்கள் போட்டோ, சர்டிபிகேட் ஸ்கேன் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள், எடுத்து வைத்ததைத் திறந்தும் பாருங்கள். நான் முதல் தடவை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டபோது 'எரேஸ் டிஸ்க்' என்று இருந்ததைப் படிக்காமலே அடுத்தது, அடுத்தது என்று தட்டிவிட்டேன், அக்கா கல்யாணப் போட்டோ மொத்தமும் போய்விட்டது. ஆல்பத்தில் ஒட்டியவை மட்டும்தான் இன்று எங்கள் வீட்டில் இருக்கின்றன. விண்டோஸும் வேண்டும் என்றால் 'இன்ஸ்டால் அலாங்சைடு' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கு முன் விண்டோஸில் சீக்கிரம் ஆன் ஆவதற்காக இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் பண்ணிவிடுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் அதையும்.

போட்டு முடித்த அன்றே மின்ட்டில் இருக்கும் டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது சிஸ்டத்தின் அன்றைய நிலைமைக்கு ஒரு நகல், எடுங்கள். ஏதாவது அப்டேட்டில் கோளாறு வந்தால் அந்த நாள் நிலைமைக்கே சிஸ்டத்தைத் திருப்பிவிடலாம், ஆனால் உங்கள் சொந்த ஃபைலை அது காப்பாற்றாது. கட்டளைகளை டைப் பண்ணி வேலை வாங்கும் டெர்மினலை இப்போதைக்குத் தொடவே வேண்டாம், தேவை வரும்போது பழகிக்கொள்ளலாம். சூடோ (sudo) என்று தொடங்குகிற கட்டளை சிஸ்டத்தையே மாற்றும் அதிகாரத்தோடு ஓடும், அப்படி எதையும் என்ன செய்யும் என்று தெரியாமல் ஒட்டி என்டர் தட்டாதீர்கள். தமிழில் படித்துப் பழக கணியம் தளத்தில் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன.

பூட் ஆகாமல் கருப்புத் திரையிலேயே நின்றால், திரையைப் போட்டோ எடுத்து லேப்டாப்பின் அடியில் இருக்கும் மாடல் எண்ணோடு இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள். இரவு கடை மூடியதும் பார்த்துச் சொல்கிறேன்.