ட்யூப்லெஸ் டயருக்குள் ட்யூப் போட்டு ஓட்டலாமா?

ஸ்கூட்டரின் பின்சக்கரத்தில் நாலு நாளைக்கு ஒருமுறை காற்று இறங்குகிறது, பஞ்சர் கடைக்காரர் உள்ளே ட்யூப் போட்டுவிடலாம் என்கிறார், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடலாம், வண்டியும் ஓடும். ஆனால் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டும் வண்டி என்றால் தயவுசெய்து வேண்டாம். போட்டுப் பட்டவன் சொல்கிறேன்.

நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். என் மனைவியின் வண்டிக்கு 90/100-10 டயர், அதாவது 10 அங்குலச் சக்கரம். போன வருஷம் இதே தொல்லை வந்தபோது கடையில் சொன்னதைக் கேட்டு ட்யூப் போட்டேன். மூன்றாவது வாரம், பழைய மெட்ராஸ் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் வாலாட்ட ஆரம்பித்தது. பின்னால் என் எட்டு வயது மகள். காலை ஊன்றி ஓரங்கட்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ட்யூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் உள்பக்க ரப்பர் ஆணியைக் கவ்விக்கொள்ளும். காற்று மெல்ல இறங்கும், பெரும்பாலும் வீடுவரை வந்துவிடலாம். ட்யூப் கிழிந்தால் அந்தக் காற்று வால்வு ஓட்டை வழியாக ஒரே மூச்சில் போய்விடும். எந்தக் குணத்துக்காக ட்யூப்லெஸ் வாங்கினோமோ, அதையே இழந்துவிடுகிறோம்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த கடையில் மெக்கானிக் ஆம்பூர்க்காரர். கழற்றிக் காட்டினார். "ஆணியே இல்ல சார். மவுத் அடியில அறுத்திருக்கு, பாருங்க." மவுத் என்று அவர் சொன்னது ட்யூபின் வால்வை. ட்யூப்லெஸ் வால்வுக்காக ரிம்மில் போட்ட ஓட்டை 11 மி.மீ.க்குச் சற்று மேல். ட்யூப் வால்வின் தண்டோ சுமார் 8 மி.மீ. நடுவில் வாஷர் எதுவும் போடாததால் ஆடி ஆடி அறுந்திருக்கிறது. ட்யூபின் மேலேயும் கோடு கோடாகத் தேய்மானம். டயரின் உள்பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்ன வரம்புகள் உரசிய தடம் அது.

சின்னச் சக்கரத்துக்கு இந்த உரசல் இன்னும் கெடுதல். இந்த அளவு டயரின் வெளிவிட்டம் 434 மி.மீ. ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய 730 சுற்று சுற்ற வேண்டும். 17 அங்குலச் சக்கரத்தில் 100/90 டயர் போட்ட பைக்குக்கு 520 போதும். சுற்றுக்கு ஒருமுறை டயர் அமுங்கி நிமிரும். அத்தனை முறையும் ட்யூப் உள்ளே தேய்ந்து சூடேறும்.

அப்படியானால் முதலில் காற்று எங்கேதான் போனது? ரிம்மில். டயரின் ஓரம் உட்காரும் இடம் முழுக்கத் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வால்வு மாட்டி, அதே டயரைத் திரும்ப ஏற்றினார். ஏழு மாதமாகிறது, இன்றுவரை தொந்தரவில்லை. அதனால் நீங்களும் முதலில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டயரின் மேற்பரப்பை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். வால்வின் அடியிலும் ரிம் ஓரம் சுற்றிலும் குமிழி வருகிறதா என்று நின்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் வெட்டு இருந்தால் ட்யூப் தீர்வே இல்லை, டயரை மாற்ற வேண்டும்.

ட்யூப் கட்டாயம் தேவைப்படும் சக்கரமும் உண்டு. பழைய வெஸ்பா, சேத்தக், ஆட்டோ போன்றவற்றில் ரிம் இரண்டு பாதியாக இருக்கும், போல்ட் போட்டுச் சேர்த்திருப்பார்கள். அந்த இணைப்பில் காற்று நிற்காது, அதனால் எந்த டயர் போட்டாலும் உள்ளே ட்யூப் வேண்டும். அந்த ரிம்மைப் பிரிக்கும் முன் காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள். காற்றோடு நட்டைக் கழற்றினால் ரிம் தெறித்து முகத்தில் அடிக்கும்.

ரிம் நெளிந்திருக்கிறது, இந்த மாதம் மாற்றக் கையில் பணமில்லை என்றால், தற்காலிகமாக ட்யூப் போட்டுக்கொள்ளுங்கள். டயருக்குள் கையால் தடவி ஆணி, கம்பித்துண்டு எதுவும் இல்லையென்று உறுதிசெய்யுங்கள். முன்பு பஞ்சர் ஒட்டச் செருகிய ரப்பர் ஸ்ட்ரிப் உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் வெட்டச் சொல்லுங்கள். அளவு பார்த்து ட்யூப் வாங்கி, பவுடர் தூவி, வால்வுக்கு வாஷர் போட்டு, ஒருமுறை காற்றடித்து இறக்கி மறுபடி அடித்தால் உள்ளே மடிப்பு விழாது. புது ரிம் வரும்வரை பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள்.