ஞாயிறு தொட்டியைக் கழுவினேன், திங்கள் காலை நாலு மீன் செத்துப்போச்சு: ஏன்?

சென்னையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டடித் தொட்டி, ஆறு கோல்டு ஃபிஷ், ஒரு வருடத்துக்கு மேல் நன்றாகவே இருந்தவை. ஞாயிறு காலை தண்ணீர் மொத்தத்தையும் இறைத்து, கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் பளிச்சென்று அலசி, நேராக மெட்ரோ தண்ணீர் பிடித்து நிரப்பியிருக்கிறார். சாயங்காலமே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. விடிந்தால் நான்கு மிதக்கின்றன. கடையில் நோய் என்று சொல்லி மெத்திலீன் ப்ளூ கொடுத்தார்களாம், ஊற்றலாமா?

ஊற்ற வேண்டாம். நோய் வந்தால் முதலில் ஒன்று தீனி எடுக்காது, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும், உடம்பில் வெள்ளைப் புள்ளியோ பஞ்சு மாதிரி பூசணமோ தெரியும், அப்புறம் ஒவ்வொன்றாகப் போகும். ஒரே ராத்திரியில் கூட்டமாகச் செத்தால் நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரைத்தான். எத்தனை மணி நேரத்தில் செத்தன என்பதே பெரிய தடயம்.

தண்ணீர் மாற்றிய அன்றே மூச்சு வாங்கினால் குளோரின். நாம் குடிக்கப் பாதுகாப்பான அளவே மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும். செத்த மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள்: நல்ல சிவப்பாக இல்லாமல் வெளிறி, மேலே சளி படிந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். பழுப்பாக இருந்தால் நைட்ரைட் (மீன் கழிவின் அம்மோனியாவைப் பாக்டீரியா மாற்றும்போது உண்டாகும் இன்னொரு விஷம்) பக்கம் யோசிக்க வேண்டும்.

உங்கள் தொட்டியில் இன்னொரு அடியும் விழுந்திருக்கிறது. மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்கள் அந்த ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் குடியிருந்தன. குழாய்த் தண்ணீரில் அலசியதில் பெரும்பகுதி போயிருக்கும். இரண்டடித் தொட்டியில் 55 லிட்டர் சுமாருக்குத்தான் தண்ணீர் பிடிக்கும், கோல்டு ஃபிஷ் வேறு நிறையக் கழிவு விடும் மீன், அதனால் இந்த வாரம் முழுக்க அம்மோனியா ஏறும். மிஞ்சிய இரண்டுக்கும் இனிமேல் ஆபத்து அதுதான். மெத்திலீன் ப்ளூ ஊற்றினால் மிச்சமிருக்கும் பாக்டீரியாவும் அடிபடும்.

கழுவாமலே திடீரென்று செத்திருந்தால் வேறு கேள்விகள் கேட்டிருப்பேன். ராத்திரி கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றதா? சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், அதனால் மே மாதத்தில் இது சட்டென்று நடக்கும். பெரிய மீன்களே முதலில் போகும். அந்த அறையில் கொசு, கரப்பான் ஸ்பிரே அடித்தீர்களா? அதிலுள்ள பைரித்ராய்டு மீனுக்குக் கொடிய விஷம், அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுவதே ஏர் பம்ப்தானே.

சரி, இப்போது செய்ய வேண்டியது: செத்தவற்றை உடனே எடுங்கள், ஏர் பம்ப் நிற்கவே கூடாது. ஆன்டி குளோரினைப் பாட்டிலில் சொன்ன அளவில் இன்றே விடுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம். தினமும் கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுங்கள், புதுத் தண்ணீரிலும் ஆன்டி குளோரின் கலந்த பிறகே. லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு கரைத்து விட்டால் நைட்ரைட்டின் தாக்கம் குறையும். மாற்றும் தண்ணீருக்கு மட்டும் மறுபடி உப்பு சேருங்கள். அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்கிவிடுங்கள், அடுத்த சில வாரங்களுக்கு அதுதான் உங்கள் கண். ஸ்பாஞ்சை இனி தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். இரண்டு அளவும் பூஜ்யத்தில் நிலைக்கும் வரை, பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், புது மீன் வாங்க வேண்டாம்.