குதிரைக்கு வெறும் சலைன் ஊசி போட்டுப் பார்ப்பது எதற்கு?

கேள்வி: மனிதனுக்கு மருந்து மேல் நம்பிக்கை வந்தாலே பாதி குணமாகும் என்கிறார்கள். குதிரைக்கு அந்த நம்பிக்கை கிடையாது. அப்புறம் குதிரை மருந்து ஆய்வுகளில் ஒரு பிரிவுக்கு வெறும் சலைன் (மருந்து கலக்காத உப்புநீர்) போடுவது ஏன்?

பதில்:

குதிரைக்கு நம்பிக்கை கிடையாது, சரி. ஆனால் குதிரை தேறிவிட்டதா என்று சொல்கிற ஆட்களுக்கு இருக்கிறதே. உரிமையாளர் பணம் கட்டியிருக்கிறார். டிரெய்னருக்கு அடுத்த ரேஸ் கண்ணில் நிற்கிறது. மருத்துவருக்குத் தன் ஊசி பலிக்க வேண்டும் என்ற ஆசை. பெங்களூரில் ரேஸ் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் எனக்கு இது அன்றாட விஷயம். வாயில்லா ஜீவனுக்காக நாம் பேசும்போது நம் ஆசையும் கூடவே பேசிவிடுகிறது.

கால் தாங்குகிற, அதாவது நொண்டுகிற குதிரையையே எடுத்துக்கொள்ளுங்கள். சைஸ், அதாவது குதிரையைப் பராமரிக்கும் ஆள், கயிற்றைப் பிடித்துக் கெட்டித் தரையில் டிராட்டில் (மிதமான ஓட்டத்தில்) ஓட்டி வருவார். நாங்கள் காலை விடத் தலையைத்தான் அதிகம் கவனிப்போம். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது இறங்கும். நன்றாகத் தாங்கினால் யார் பார்த்தாலும் தெரியும். லேசாக இருக்கும்போதுதான் ஆளுக்கு ஒன்று சொல்வோம். 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அனுபவமுள்ள மருத்துவர்கள் 131 குதிரைகளைப் பார்த்து மதிப்பிட்டார்கள். தெளிவாகத் தாங்கிய கால்களில் அவர்கள் கருத்து சுமார் 93 சதவீதம் ஒத்துப்போனது. லேசானவற்றில் 62 சதவீதம்தான். தற்செயலாகவே ஒரு பங்கு ஒத்துப்போகும் என்று யோசித்தால் இது ரொம்பக் குறைவு.

இன்னொன்று. வலி எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க, நரம்பு மரத்துப்போக ஊசி போட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்போம். ஊசி போட்டது தெரிந்திருந்தால் மருத்துவர்கள் முன்னேற்றத்தைக் கூட்டியே மதிப்பிடுகிறார்கள் என்று 2006இல் ஒரு பிரிட்டன் ஆய்வு காட்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. எதிர்பார்த்ததைக் கண் பார்த்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஓய்வையும் மறக்கக் கூடாது. மூட்டில் ஊசி போட்ட கையோடு கொஞ்ச நாள் ஓட்டாதீர்கள் என்றும் சொல்கிறோம். அந்த ஓய்விலேயே பல கால்கள் தேறும். போதாததற்கு, எங்களிடம் குதிரையைக் காட்டுவதே அது மிக மோசமாக இருக்கும் நாளில்தான். அடுத்த வாரம் எப்படியும் கொஞ்சம் சுமாராக இருக்க வாய்ப்பு அதிகம். இதில் மருந்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, அதே ஓய்வோடு சலைன் மட்டும் போட்ட குதிரைகள் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2009இல் வெளியானது. வேகமாக ஓடும்போது ரேஸ் குதிரைகளுக்கு நுரையீரலில் ரத்தம் கசியும். மூக்கில் ரத்தம் வருவது அதில் சிலவற்றுக்குத்தான். மற்றதெல்லாம் எண்டோஸ்கோப் (கேமரா வைத்த மெல்லிய குழாய்) விட்டுப் பார்த்தால்தான் தெரியும். இதற்கு ஃபியூரோசமைடு, அதாவது லாசிக்ஸ் ஊசி, அமெரிக்காவில் 1970களிலிருந்தே போடப்பட்டு வந்தது. பலன் உண்டா என்று பல வருடங்கள் வாக்குவாதம். கடைசியில் தென்னாப்பிரிக்காவில் 167 குதிரைகளை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை நிஜமான பந்தயம்போலவே ஓடவிட்டார்கள். ஒரு முறை ஃபியூரோசமைடு, இன்னொரு முறை சலைன். ஒவ்வொரு குதிரையும் தனக்குத்தானே ஒப்பீடு. எண்டோஸ்கோப்பில் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டவர்களுக்கு எந்த முறை எந்த ஊசி என்று தெரியாது. சலைன் போட்டபோது கசிவுக்கான வாய்ப்பு விகிதம் (கசிவதற்கும் கசியாததற்கும் உள்ள விகிதம்) 3 மடங்குக்கும் மேல் இருந்தது. பந்தய நாளில் அந்த ஊசியைப் போடலாமா என்பது வேறு வழக்கு. ஆனால் மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைத்தது.

வலியில் துடிக்கும் குதிரைக்கு வெறும் சலைன் போடுவது பாவமில்லையா என்று அடுத்து கேட்பீர்கள். பாவம்தான், போடக் கூடாது. அந்த மாதிரி இடங்களில் இருக்கிற மருந்தோடுதான் புதியதை ஒப்பிட வேண்டும். குதிரையின் முகத்தை வைத்து வலியை அளக்கும் முறை 2014இல் வெளியானது. அதற்கான ஆய்வில் காயடிக்கப்பட்ட எல்லாக் குதிரைகளுக்குமே வலி மருந்து கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு 6 மணி நேரம் கழித்து இன்னொரு வேளை, அதுதான் வித்தியாசம். காது பின்னால் விறைப்பது, கண் இடுங்குவது, கண்ணுக்கு மேல் இறுக்கம், தாடைத் தசை புடைப்பது, வாய் இறுகுவது, மூக்குத் துவாரம் விறைப்பது என்று ஆறு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. லாயத்தில் நீங்களே பார்த்துப் பழகலாம்.

இங்கே ஆய்வு என்று பேச்செடுத்தாலே உரிமையாளர்கள் பயப்படுகிறார்கள். "என் குதிரைக்கு மட்டும் நிஜ மருந்து போட்டுடுங்க டாக்டர்" என்று ஒருவர் தனியே கூப்பிட்டுக் கேட்டார். "எந்த பாட்டில்ல எது இருக்குன்னு எனக்கே தெரியாதுங்க சார், தெரிஞ்சா ஆய்வே வீண்" என்றேன். குதிரை மோசமானால் உடனே நிறுத்திவிட்டு முறையான வைத்தியம் தொடங்குவோம், அந்த உரிமை எப்போதும் உங்களிடம்தான் என்று விளக்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அந்தத் தயக்கம் நியாயமானது, அதற்கு நேரம் ஒதுக்கிப் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு உண்மையான வருத்தம் சைஸ்களைப் பற்றித்தான். தொட்டியில் எவ்வளவு தீனி மிச்சம், சாணம் எத்தனை தடவை, ராத்திரி படுத்ததா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். நான் பழகும் லாயங்களில் தமிழ், கன்னடம், உருது எல்லாம் பேசுகிறார்கள். பதிவுத்தாள் மட்டும் ஆங்கிலத்தில். வேலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவருக்குத் தமிழில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். "இவன் நேத்து இடது பின்னங்காலை மாத்தி மாத்தி வெச்சான் டாக்டர், எழுதியிருக்கேன்" என்று நீட்டினார். என் பரிசோதனைக் குறிப்பில் அது இல்லை. அவருக்கும் எந்த ஊசி என்று சொல்லக் கூடாது. மற்றபடி அவர் எழுதுவதும் ஆய்வின் பகுதிதான்.

மூட்டுக்கு என்று பவுடர் விற்க யாராவது வந்து "குதிரையில் சோதித்தது" என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒப்பிட இன்னொரு பிரிவு இருந்ததா? மதிப்பெண் போட்டவருக்கு எந்தக் குதிரைக்கு எது என்று தெரியுமா? பதில் வராவிட்டால் பணத்தை லாடக்காரருக்குக் கொடுங்கள். குளம்பைச் சமமாகச் சீவி, சரியாக லாடம் அடித்தாலே எத்தனையோ கால்கள் சௌகரியமாகும்.