மகள் கேட்ட சொல்

கேள்வி: 22 வருடமாக ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்க்கிறேன். போன மாதம் ஒரு நூல் வெளியீட்டு விழா. நான்கு முறை வரிவரியாக நான் திருத்திய புத்தகம். மேடையில் அட்டைப்படம் வரைந்தவர், பக்கம் வடிவமைத்தவர், மைக் செட்காரர் வரை எல்லோருக்கும் நன்றி சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். என் பெயர் வரவில்லை. வீட்டுக்கு வந்தால் மகள் திருக்குறள் ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள்: ‘வசையொழிய வாழ்வாரே வாழ்வார் இசையொழிய வாழ்வாரே வாழா தவர்.’ “இசையொழியன்னா என்னம்மா?” என்றாள். ‘என்னை மாதிரி’ என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. உண்மையில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? வள்ளுவர் கணக்கில் நான் வாழாதவள்தானா? (ஊர், பெயர் வேண்டாம்.)

பதில்: சகோதரி, முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். உங்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

இசை என்றால் இன்று நமக்குப் பாட்டுதான் ஞாபகம் வரும். பழைய தமிழில் அது ஓசை, சொல், புகழ் மூன்றும். ஒருவரைப் பற்றி ஊர் வாயில் எழும் ஒலியே இசை. அது இல்லாமல் கழிவது இசையொழிதல். ‘புகழின்றி’ என்று சொன்னால் பட்டம், பதவி இல்லை என்பதுபோல் கேட்கிறது. ‘இசையொழிய’ என்றால் ஆள் இருந்தும் சத்தமே இல்லை. அந்த மேடையில் உங்களுக்கு நடந்தது அதுதான். சொல் உங்களுக்குப் பொருந்தவில்லை என்று சமாதானம் சொல்ல நான் தயாரில்லை.

ஆனால் அந்தக் குறள் 240. புகழ் அதிகாரத்தின் கடைசிக் குறள். அதே அதிகாரத்தின் முதல் குறளுக்கு, 231க்குப் போங்கள்: ‘ஈதல் இசைபட வாழ்தல்’. இசைபடத் தொடங்கி இசையொழிய என்று முடிக்கிறார். அதற்கு முந்தைய அதிகாரம் ஈகை. வள்ளுவர் இசை என்று சொல்லும்போது, கொடுத்தவனைப் பற்றி வாங்கினவன் பேசும் பேச்சை மனதில் வைத்திருக்கிறார் என்பது என் வாசிப்பு. ‘தோன்றின் புகழொடு தோன்றுக’ என்ற குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், அங்கே புகழ் என்பதற்குப் புகழுக்குக் காரணமான குணம் என்றே பொருள் கொள்கிறார். இந்தக் கணக்கில் பொன்னாடைக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை.

உங்கள் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. ‘ஆற்றில் வெல்லம் கரைபுரண்டது’ என்று ஒரே ஒரு சொல் தப்பி அச்சாகிவிட்டால் போதும், “புரூஃப் பார்த்தது யாரு?” என்று ஊரே கேட்கும். முந்நூறு பக்கமும் சுத்தமாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். வசை மட்டும் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்துவிடுகிறது.

குறுந்தொகையைத் திறந்து பாருங்கள். 131ஆம் பாட்டைப் பாடியவரின் பெயர் தெரியாது. வேலை முடிந்து தலைவியிடம் திரும்புகிறவனின் தவிப்பைச் சொல்ல வந்தவர், ஒரே ஓர் ஏர் வைத்திருக்கும் உழவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். நிலம் நன்றாக நனைந்திருக்கிறது. ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். இருப்பதோ ஓர் ஏர். தொகுத்தவர்கள் கையில் பெயர் இல்லை, பாட்டு இருந்தது. ‘ஓரேருழவனார்’ என்று அந்த உவமையையே பெயராக வைத்துவிட்டார்கள். ஆளில்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். நற்றிணையில், இரண்டு யானைகள் ஆளுக்கொரு பக்கம் பற்றி இழுக்கும் நைந்த கயிற்றைத் தன் உடம்புக்கு உவமை சொன்னவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். செம்புலப் பெயல்நீராரைச் சொல்லவே வேண்டாம், கல்யாணப் பத்திரிகை வரை வந்துவிட்டார். அப்பா அம்மா வைத்த பெயர் நால்வருக்கும் போய்விட்டது. செய்த வேலையிலிருந்து ஒரு துண்டு கிள்ளி அதையே பெயராகக் கொடுத்திருக்கிறது தமிழ். அந்தத் துண்டும் கிடைக்காமல், பாடியவர் பெயர் என்ற இடம் வெறுமையாக நிற்கும் பாடல்களும் அதே தொகைகளில் இருக்கின்றன. அவையும் நல்ல பாடல்கள்தாம்.

இதைச் சொல்லி உங்களைச் சும்மா இருக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நானே குற்றவாளி. பல வருடம் முன்பு ஒரு கட்டுரையில், மார்கழிக் காலையில் மாமரத்தடியில் பழுத்து விழுந்து கிடந்த பழங்களைப் பொறுக்கினோம் என்று எழுதிவிட்டேன். புரூஃப் திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால், பொடி எழுத்தில், ‘ஐயா, மார்கழியில் மாம்பழமா?’ என்று இருந்தது. அடித்துவிட்டுச் சித்திரை என்று மாற்றினேன். கட்டுரையை நாலு பேர் பாராட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். அந்தப் பென்சில் யாருடையது என்று அன்றைக்குக் கேட்கவில்லை. பிறகு கேட்டபோது, சொல்வதற்கு அங்கே யாரும் இல்லை.

ஆகவே நீங்கள் கேட்டு வாங்குங்கள். எழுத்தாளர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் இல்லை, மறதிக்காரர்கள். அடுத்த புத்தகத்தின் முதல் புரூஃப் கைக்கு வரும்போதே பதிப்பாளரிடம் பேசுங்கள். விழா முடிந்த பிறகு பேசினால் அது மனத்தாங்கலாகிவிடும். பதிப்பு, விலை, அச்சகம் எல்லாம் போடும் பக்கத்தில் ‘மெய்ப்பு:’ (புரூஃப்தான்) என்று உங்கள் பெயரோடு ஒரு வரி. சில பதிப்பகங்கள் ஏற்கெனவே போடுகின்றன, புதிய வழக்கம் ஒன்றும் இல்லை. காகிதச் செலவும் இல்லை. அப்படியே பக்கத்துக்கு எவ்வளவு தருகிறார்கள், அதைக் கடைசியாக எப்போது ஏற்றினார்கள் என்பதையும் பேசிவிடுங்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொன்னாடையை விட அது முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுத்தால் வேலையை விடுவதா என்பதை வீட்டு நிலவரம் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் வீரம் பேசக் கூடாது.

இன்னொன்று. உங்கள் கடிதம் இரண்டு பக்கம். ஒரே இடத்தில் ‘மேடையில் போர்த்தினார்கள்’ என்று எழுதி, மேலே ஒரு கூரைக்குறி போட்டு, ‘பொன்னாடை’யைச் செருகியிருக்கிறீர்கள். விட்டுப்போனது அது ஒன்றுதான். மகள் கேட்டதற்குக் கடைசியில் என்ன பதில் சொன்னீர்கள் என்று மட்டும் எழுதவில்லையே?